கதையில் முரண்: ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ பற்றிய ஒரு திறனாய்வு

முரண் இல்லையேல் கதை இல்லை என்பது திறனாய்வு நூல்களில் நாம் அடிக்கடி காணும் கூற்று. மனிதனுக்கும் மனிதனுக்கும், மனிதனுக்கும் இயற்கைக்கும், மனிதனுக்கும் சமுதாயத்திற்கும், மனிதனுக்கும் அவனுடைய உள்ளத்திற்கும் இடையே எழும் முரண்கள் என அதனை நான்காக வகுத்துக் காட்டுவதும் வழக்கம். இவ்வகைப்பாடு தேர்வெழுதும் மாணவர்க்குப் பயன்படலாம். ஆயினும் ஒரு கதை நம் உறக்கத்தைக் கெடுப்பதும், அதே வகையைச் சார்ந்த மற்றொரு கதை படித்த மறுநாளே மறந்துபோவதும் எதனால் என்று கேட்போமானால், இந்த நான்கு பெட்டிகளில் எதனைத் திறந்து பார்த்தாலும் விடை கிடைப்பதில்லை.

குழப்பம் எங்கே நேர்கின்றது என்றால், சண்டையையும் முரணையும் ஒன்றெனக் கொள்வதில்தான். புயலில் அகப்பட்ட படகும், கயவனிடம் அகப்பட்ட நல்லாளும் மோதலுக்கு உரியனவே. எனினும் யார் வெல்ல வேண்டும் என்பதில் நமக்கு ஓர் ஐயமும் இல்லை. எவ்வாறு வெல்லப் போகின்றார் என்னும் ஆவல் ஒன்றே நம்மைக் கடைசிப் பக்கம் வரை இழுத்துச் செல்கின்றது. முரண் என்பதோ, இரு பக்கத்தாரும் நம்மிடம் வந்து நியாயம் கேட்டு நிற்பது. ஒரு பக்கத்தாரை நாம் ஆதரிக்கும் அந்த நேரத்திலேயே மறுபக்கத்தாரின் முகமும் நம் கண்முன் நிற்க வேண்டும். அப்போதுதான் கதை நம்மையும் உள்ளே இழுத்துக்கொள்கின்றது.

இது நாம் புதிதாகக் கண்டறிந்தது அன்று. துன்பியல் நாடகத்தின் தலைமகன் முற்றிலும் நல்லவனாகவோ முற்றிலும் தீயவனாகவோ இருத்தலாகாது என்று அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் எழுதிவைத்தார். சோஃபக்ளீசின் ‘அந்திகொனே’ நாடகத்தைப் பற்றிப் பேசும் ஹெகல், அதிலே மோதிக்கொள்வன நன்மையும் தீமையும் அல்ல, நியாயமுள்ள இரு கடமைகளே என்றார். தமையனை அடக்கம் செய்ய வேண்டும் என்னும் தங்கையின் கடமை ஒருபுறம். நாட்டின் ஆணையைக் காக்க வேண்டும் என்னும் வேந்தனின் கடமை மறுபுறம். ஹெகல் கிரயோனுக்குச் சற்று மிகுதியாகவே இடங்கொடுத்துவிட்டார் என்பது நம் கருத்து. அது நிற்க.

சண்டையே இல்லாத கதையிலும் முரண் எவ்வளவு ஆழமாக இருக்கக்கூடும் என்பதற்கு நம் வாசகர் நன்கறிந்த ரூத்தின் சரிதையையே எடுத்துக்கொள்ளலாம். அந்நூலில் கெட்டவர் என்று ஒருவரும் இல்லர். கணவனையும் இரு மைந்தரையும் மோவாபில் பறிகொடுத்த நகோமி, தன் மருமக்களைத் தத்தம் தாய்வீட்டிற்குத் திரும்பும்படி வேண்டுகின்றாள். அது அன்பின் சொல்லே. ஓர்பாள் அழுது, மாமியை முத்தமிட்டுத் திரும்புகின்றாள். நம் பிரசங்கங்களில் ஓர்பாள் படும் பாடு சொல்லி முடியாது. ஆயின் நூலாசிரியர் அவளைப் பழித்து ஒரு சொல்லும் உரைக்கவில்லை. அவள் சொன்னதைக் கேட்டவள். ரூத்தோ கேட்க மறுத்தவள். கீழ்ப்படிந்தவளும் கீழ்ப்படியாதவளும் ஒருசேர நியாயமுள்ளவராய் நிற்கும் அந்த வழியோரத்திலேதான் கதை பிறக்கின்றது. ஓர்பாளை நாம் இழிவாக்கிய கணமே ரூத்தின் தெரிவும் எளிதாகிவிடுகின்றது.

தமிழ் உரைநடைக் கதை தன் தொடக்கத்தில் இத்தகைய முரணை நாடவில்லை. 1879-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தமிழின் முதல் நாவல் என்று போற்றப்படுவது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை தம் தலைமை மாந்தரைக் குறையற்ற நற்குணத்தினராகவே படைத்ததாக அந்நூலின் முன்னுரையில் தெளிவாகக் கூறிவிடுகின்றார். ஞானாம்பாளுக்கு இடர்கள் வருகின்றன. காட்டிலும் நாட்டிலும் வருகின்றன. ஆண்வேடம் பூண்டு அரசாளவும் நேர்கின்றது. ஆனால் அவள் எதைச் செய்வது என்று அறியாமல் திகைத்து நின்ற கணம் ஒன்றேனும் நம் நினைவில் தங்குவதில்லை. நகைச்சுவைக்காகவும், பெண்கல்விக்கும் தாய்மொழிக்கும் அது குரல் கொடுத்தமைக்காகவும் அந்நூல் இன்றும் படிக்கத் தக்கதே. என்றாலும் அதில் உள்ளவை இடர்கள், முரண்கள் அல்ல.

இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டு, ஜெயகாந்தன் 1966-இல் ஆனந்த விகடனில் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் சிறுகதையை நாம் ஆராய விரும்புகின்றோம். ஒரே நிகழ்ச்சியைச் சிறுகதையில் ஒருவிதமாகவும், பின்னர் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்னும் நாவலில் அதற்கு நேர்மாறாகவும் முடித்துக் காட்டியவர் அவர். முரண் கதைக்குள் எங்கே வாழ்கின்றது, எப்போது மடிகின்றது என்று அறிய விழைவோர்க்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழில் வேறொன்று கிடைப்பது அரிது.

கதை யாவரும் அறிந்ததே. மழை பெய்யும் ஒரு மாலையில் ஏழை அந்தணப் பெண் ஒருத்தி கல்லூரி விட்டுப் பேருந்துக்காகக் காத்து நிற்கின்றாள். பெரிய கார் ஒன்று வந்து நிற்கின்றது. அதனை ஓட்டி வந்த இளைஞன் அழைக்கின்றான். உலகம் அறியாத அவள் ஏறிக்கொள்கின்றாள். ஆளரவமற்ற இடத்தில் அவளுக்குக் கேடு நேர்கின்றது. வீடு திரும்பியவள் தாயிடம் அழுது சொல்லிவிடுகின்றாள். தாய் அலறுகின்றாள். ஒண்டுக் குடித்தன வீடு அது. அக்கம்பக்கத்தார் என்னவென்று கேட்கின்றனர். பெண் மழையில் தெப்பமாக நனைந்து வந்துவிட்டாள் என்று தாய் கூறி அவர்களை அனுப்பிவிடுகின்றாள். பிறகு மகளை அழைத்துச் சென்று அவள் தலையில் குடம் குடமாகத் தண்ணீரைக் கொட்டுகின்றாள். இது தண்ணீரன்று, நெருப்பு என்று எண்ணிக்கொள்ளும்படி சொல்கின்றாள். தெருவில் அசுத்தத்தை மிதித்தால் காலைக் கழுவிவிட்டு வருவதில்லையா என்று கேட்கின்றாள்.

இக்கதை வெளிவந்தபோது எழுந்த கூச்சல் பெரிது. தாயின் செயலை ஏற்க இயலாதோர் பலர். கற்பு என்னும் விழுமியத்தையே எழுத்தாளர் கேலி செய்துவிட்டார் என்றனர். பாராட்டியோரோ, தாய்மையின் வெற்றி என்றும் மரபின் தோல்வி என்றும் முழங்கினர். இரு சாராரும் முடிவை மட்டுமே பற்றிக்கொண்டு வழக்காடினர் என்பதை இன்று நிதானமாகப் பார்க்கும்போது உணர்கின்றோம். கதை முடிவில் இல்லை. தாயின் அலறலுக்கும் அவள் முதற்குடத்தை எடுப்பதற்கும் இடைப்பட்ட அந்தச் சில நிமிடங்களிலே இருக்கின்றது.

அந்த நிமிடங்களில் அத்தாயின் உள்ளத்தில் நிகழ்வது யாது? அவள் புரட்சிக்காரி அல்லள். தன் குலத்தின் ஆசாரங்களைக் கேள்வியின்றி ஏற்று வாழ்ந்தவள். மகளின் சொல்லைக் கேட்டதும் அவள் வாயிலிருந்து எழும் அலறல் நடிப்பன்று. அது அவளுடைய மெய்யான நம்பிக்கையின் குரல். குடி கெட்டது என்று அவள் எண்ணுவது உண்மையாகவே எண்ணுவதாகும். அதே வேளையில் எதிரே நடுங்கி நிற்பது அவள் வயிற்றில் பிறந்த குழந்தை. ஆசாரத்தைக் கைவிட்டால் அவள் தன்னையே கைவிடுகின்றாள். மகளைக் கைவிட்டாலும் அதுவே. இரண்டும் அவளுக்கு உயிரானவை. ஆசாரத்தை வெறும் மூடத்தனமாக எழுத்தாளர் காட்டியிருந்தால் இக்கதை ஒரு சீர்திருத்தச் சொற்பொழிவாகச் சுருங்கியிருக்கும். அவ்வாறு காட்டாமல், அத்தாயின் பேச்சிலும் நடையிலும் அந்த ஆசாரத்தின் அழகையும் விடாமல் வைத்திருக்கின்றார். ஜெயகாந்தனின் வன்மை இங்கே விளங்குகின்றது.

முரண் தீர்ந்த விதத்தையும் கூர்ந்து நோக்க வேண்டும். தாய் மகளைக் காக்கின்றாள். ஆனால் எக்கருவியைக் கொண்டு? தீட்டுக் கழிக்கும் நீரைக் கொண்டு. மகளைத் தள்ளிவைக்கச் சொல்லும் அதே மரபின் மொழியையே எடுத்து, மகளை உள்ளே அழைத்துக்கொள்ளப் பயன்படுத்துகின்றாள். கழுவிவிட்டாய், இனித் தூய்மையானாய் என்று சொல்வதற்கு, முன்பு அழுக்குப் படிந்திருந்தது என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கின்றதன்றோ? குற்றம் செய்தவன் காரோட்டிக்கொண்டு போய்விட்டான், குளிப்பது அவள். இன்றைய வாசகர், குறிப்பாக இளம்பெண்கள், இக்கதையைப் படிக்கும்போது இவ்விடத்தில் முகம் சுளிப்பதை நாம் கண்டிருக்கின்றோம். அவர்கள் சுளிப்பு நியாயமானதே. அதனைக் கதையின் குறை என்று மட்டும் தள்ளிவிடுவதும் சரியன்று. அத்தாய்க்குத் தெரிந்த மொழி அது ஒன்றே. தன் கையில் இருந்த ஒரே கருவியை அதன் வழக்கமான பயனுக்கு எதிராகத் திருப்பினாள். முரண் முற்றிலும் தீராமல் அந்த நீரிலேயே கலந்து நிற்கின்றது.

கதையின் பெயர் நெருப்பு. கதையில் நிகழ்வதோ நீராட்டு. சீதை தீக்குளித்தது உலகத்தார் கண்முன் நிகழ்ந்தது. இங்கே கதவடைத்து நிகழ்கின்றது. சீதையின் தூய்மையை உலகம் அறிய வேண்டியிருந்தது. இப்பெண்ணின் நிலையை உலகம் அறியவே கூடாதிருக்கின்றது. ஆகவே தாய் சமுதாயத்தை வென்றாள் என்று பாராட்டுவோர் சற்றே அவசரப்படுகின்றனர். அவள் சமுதாயத்தை எதிர்கொள்ளவில்லை, அதனிடமிருந்து மறைத்தாள். மழையில் நனைந்துவிட்டாள் என்ற ஒரு பொய்யின்மீதுதான் அந்த மீட்பு முழுவதும் நிற்கின்றது. அடுத்த வீட்டார் அப்பொய்யை நம்பாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்னும் வினாவைக் கதை வாய்விட்டுக் கேட்கவில்லை. பின்னர் நாவல் கேட்டது.

நம் வாசகர் சிலர் இங்கே ஞானஸ்நானத்தை நினைவுகூரக்கூடும். தலையில் நீர், பழைமை ஒழிதல், புதுவாழ்வு என்று ஓர் அருளுரைக்கு வேண்டிய குறிப்பெல்லாம் ஆயத்தமாகக் கிடைக்கின்றது. அத்தகைய அருளுரையை நாம் கேட்டும் இருக்கின்றோம். அக்கதையின் நீர் வேறு மரபின் நீர். அதன் பொருளை அம்மரபுக்குள் நின்று காணாமல் நம் பெயரை அதற்குச் சூட்டிக்கொள்வது கதைக்கும் நன்றன்று, நமக்கும் நன்றன்று.

அத்தாய் தன் மகளைத் தேற்றும்போது அகலிகையைச் சான்றாகக் கூறுவதையும் கவனிக்க வேண்டும். மனத்தால் கெடாதவள் ஆதலால்தான் இராமனின் பாதத்துளி அவள்மீது பட்டது என்பது அவள் வாதம். இங்கே தமிழ்ச் சிறுகதையின் வரலாறே குறுக்கே வந்து நிற்கின்றது. இதற்கு 23 ஆண்டுகளுக்கு முன், 1943-இல், புதுமைப்பித்தன் ‘சாப விமோசனம்’ எழுதிக் கலைமகளில் வெளியிட்டார். கல்லாய்க் கிடந்து இராமனால் பெண்ணான அகலிகை அதற்குப்பின் எவ்வாறு வாழ்ந்தாள் என்பதே அக்கதை. கௌதமன் அவளை ஏற்றுக்கொள்கின்றான். ஆயினும் இருவருக்கும் நடுவே பழைய நிகழ்ச்சி நிழலாக நடமாடுகின்றது. வனவாசம் முடித்துத் திரும்பிய சீதை, தான் தீக்குளித்த செய்தியை அகலிகையிடம் கூறுகின்றாள். தன்னை மன்னித்த அதே இராமன் தன் மனைவியைத் தீயில் இறங்க விட்டான் என்பதை அகலிகையால் தாங்க முடியவில்லை. அவள் மீண்டும் கல்லாகின்றாள்.

ஜெயகாந்தனின் தாய் சான்றாகக் காட்டும் அகலிகை மீட்கப்பட்டவள்; புதுமைப்பித்தனின் அகலிகையோ அம்மீட்பை மறுத்தவள். புதுமைப்பித்தனிடத்தில் முரண் எங்கே இருக்கின்றது என்றால், அருளுக்கும் நீதிக்கும் இடையே இருக்கின்றது. ஒருத்திக்கு மட்டும் காட்டப்பட்ட அருள், மற்றொருத்திக்கு மறுக்கப்பட்டபோது, அருளாகவே நிற்குமோ? இவ்வினாவிற்கு அகலிகையிடம் வாதம் இல்லை, உடம்பே விடையாகின்றது. கௌதமனையும் அவர் கொடியவனாக ஆக்கவில்லை என்பது நோக்கத்தக்கது. தன் சினத்தை எண்ணித் தானே நாணி, மனைவியை மதிக்க முயலும் முனிவனாகவே அவன் வருகின்றான். இருவரும் நல்லவர், இருந்தும் வாழ முடியவில்லை. ‘அக்கினிப் பிரவேச’த்தைவிட இக்கதை உயர்ந்தது என்றே நாம் கருதுகின்றோம். காரணம், தீர்வு என்னும் ஆறுதலை அது எவர்க்கும் அளிக்கவில்லை.

ஜெயகாந்தனே அந்த ஆறுதலோடு அமையவில்லை. ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவல் 1970-இல் நூலாக வந்து, 1972-இல் சாகித்திய அக்காதெமி விருதையும் பெற்றது. அந்தத் தாய் அவ்வாறு செய்யாதிருந்தால், அலறல் அலறலாகவே தெருவெங்கும் பரவியிருந்தால், என்ன நேர்ந்திருக்கும் என்பதே அதன் கரு. சிறுகதையில் பெயரற்றிருந்த பெண் இங்கே கங்கா என்னும் பெயர் பெறுகின்றாள். தமையன் அவளை வீட்டைவிட்டு வெளியேற்றுகின்றான். மாமன் அவளைப் படிக்கவைக்கின்றான். அவள் ஓர் அலுவலகத்தில் பொறுப்பான பதவியும் பெறுகின்றாள். வெளியுலகத்தின் அளவுகோல்படி அவள் வெற்றி பெற்றவளே. ஆயினும் எந்நேரமும் ஊரார் தீர்ப்பைச் சுமந்துகொண்டே நடக்கின்றாள்.

சிறுகதைக்கும் நாவலுக்கும் உள்ள பெரிய வேறுபாடு ஒன்றைத் திறனாய்வாளர் போதிய அளவு கூறவில்லை என்பது நம் எண்ணம். சிறுகதையில் முரண் தாயினுடையது. மகள் அழுகின்றாள், நடுங்குகின்றாள், குளிக்கின்றாள், கீழ்ப்படிகின்றாள். வாயிலுள்ள சூயிங்கத்தைத் தாய் துப்பச் சொல்லும்போது துப்புகின்றாள். அவளுடைய உள்ளம் என்ன சொல்கின்றது என்று யாரும் கேட்கவில்லை, கதையும் கேட்கவில்லை. நாவலில் முரண் மகளுடையதாக மாறுகின்றது. அவளே பேசுகின்றாள், கசப்போடும் நகைப்போடும் தன்னையும் பிறரையும் அளந்து பேசுகின்றாள். யாருக்கு நேர்ந்ததோ அவள் வாய்திறக்கும்போதுதான், மற்றவர் செய்துவைத்த தீர்வு எத்தன்மையது என்று விளங்குகின்றது.

நாவல் எங்கும் ஒரே தரத்தில் இல்லை. மாமன் வேங்கடராமய்யர் வரும் பகுதிகளில் முரண் மெலிந்து சண்டையாகிவிடுகின்றது. அவர் வழக்கறிஞர், சாத்திரங்களைக் கரைத்துக் குடித்தவர், தருமத்தின் பெயரால் வாதிக்க வல்லவர். அந்த வாதங்களை ஆசிரியர் வலிமையாகவே அமைத்திருக்கின்றார். ஆயின் அவர் கண்கள் மருமகளின் உடல்மீது படிகின்றன என்பதை நாம் அறிந்த பின்னர் அவ்வாதங்களுக்கு நம்மிடத்தில் மதிப்பேது? மரபின் பக்கத்து நியாயத்தை எடுத்துரைக்க நாவலில் இருக்கும் ஒரே அறிஞர் இவர், இவரோ கயவர். மரபுக்கு நேர்மையான ஒரு வழக்கறிஞர் இந்நாவலில் கிடைத்திருந்தால் கங்காவின் போராட்டம் இன்னும் கடினமாயிருக்கும். நாவலும் இன்னும் உயர்ந்திருக்கும். ஆசிரியர் சினத்துக்கு இடங்கொடுத்துவிட்டார். அத்தகைய மாமன்மார் வீடுகளில் இருந்தார்கள் என்பதும், அவர்களை அச்சில் கொண்டுவந்து நிறுத்தத் துணிவு வேண்டியிருந்தது என்பதும் உண்மையே.

இதற்கு மாறாக, நாம் கயவனாக எதிர்பார்த்த ஒருவன் அவ்வாறு வராமல் போகின்றான். காரோட்டி வந்த அந்த இளைஞனைக் கங்கா பல ஆண்டுகள் கழித்துத் தேடிக் கண்டுபிடிக்கின்றாள். பிரபு இப்போது மனைவியும் மக்களும் உள்ளவன்; செல்வத்தில் பிறந்து, எதற்கும் பயன்படாமல் வளர்ந்து, வீட்டிலும் மதிப்பிழந்தவன். தான் அன்று செய்ததன் விளைவைக் கேட்டு அவன் திகைக்கின்றான். கங்காவுக்கு அவனிடம் வேண்டியது யாது? பழியா, காதலா, மணமா? எதுவென்று அவளுக்கே தெரியவில்லை. ஊர் அவளை ஒருவனுக்கு உரியவள் என்று தீர்ப்பளித்துவிட்டது. அந்த ஒருவன் யாரென்று பார்க்கச் சென்றவள், அங்கே வெறுக்கவும் முடியாத ஒரு மனிதனைக் காண்கின்றாள். அவன் மகளோடும் அவளுக்கு நட்பு உண்டாகின்றது. இப்பகுதிகளில் நாம் யார் பக்கம் நிற்பது? அவனை மன்னிக்க நமக்கு உரிமை இல்லை. அவளோ மன்னித்தல் என்னும் சொல்லையே எடுக்காமல் அவனோடு காரில் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கின்றாள். இன்றைய வாசகர்க்கு இந்நட்பு நெருடலாக இருக்கும், இருக்கவும் வேண்டும். சமுதாயத்தின் தீர்ப்பு ஒரு பெண்ணை அவளைக் கெடுத்தவன் வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்க்கும் என்னும் கொடுமையை வேறெவ்வழியாலும் இத்துணை அழுத்தமாகக் காட்டியிருக்க இயலாது. முடிவில் அவனும் விலகிச் செல்ல, அவள் தனித்துக் குடிக்கத் தொடங்குகின்றாள். அம்முடிவு பலர்க்குப் பிடிக்கவில்லை. 1978-இல் ஆசிரியர் ‘கங்கை எங்கே போகிறாள்’ என்று தொடர்ச்சி எழுதியதிலிருந்து, அவர்க்கும் அங்கே நிறுத்த மனம் வரவில்லை என்று கொள்ளலாம்.

கதைக்கு நல்ல முடிவு வேண்டும் என்று வாசகர் கேட்பதும், அதனை ஆசிரியர் தர மறுப்பதும் பழைய வழக்கே. லூக்கா நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்திலுள்ள இரு மைந்தரின் உவமையை நாம் எத்தனை முறை கேட்டிருக்கின்றோம்! இளையவன் திரும்பியதோடு கதை முடிந்ததாகவே பெரும்பாலான பிரசங்கங்கள் அமைகின்றன. உவமையோ அங்கே முடியவில்லை. வயலிலிருந்து வந்த மூத்தவன் சினந்து வெளியே நிற்கின்றான். தகப்பன் அவனிடமும் எழுந்து வருகின்றான். மூத்தவனின் குறை பொறாமை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆயின் இத்தனை ஆண்டுகள் உழைத்தேன், ஓர் ஆட்டுக்குட்டியேனும் எனக்குக் கிடைத்ததில்லை என்று அவன் முறையிடும்போது, நியாயம் முற்றிலும் அவன் பக்கம் இல்லையென்று உழைத்து வாழும் எவரும் துணிந்து கூறமாட்டார். தகப்பனின் மறுமொழியோடு உவமை நின்றுவிடுகின்றது. மூத்தவன் உள்ளே சென்றானா என்பது சொல்லப்படவில்லை. ஞாயிறு பள்ளி நாடகங்களில் அவனையும் கைபிடித்து அழைத்து வந்து விருந்தில் உட்காரவைத்துத் திரையை இறக்கிவிடுகின்றோம். பிள்ளைகளுக்கு மகிழ்ச்சிதான். உவமையைச் சொன்னவர் அந்த இடத்தை யாருக்காகத் திறந்து வைத்தார் என்பது அத்தோடு மறைந்துபோகின்றது. அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, பாவிகளோடு அவர் உண்பதைக் கண்டு முறுமுறுத்தோர் சுற்றி நின்றனர் என்று சொல்லப்பட்டிருக்கின்றது. மூத்தவன் உள்ளே போவதும் போகாததும் அவர்கள் கையில் இருந்தது.

கதைக்குள் முடியாத முரண், கேட்போரிடத்தில் தொடர்வதற்கு இது சான்று. ஜெயகாந்தன் இதனைத் தம் நாவலுக்குள்ளேயே ஒரு நிகழ்ச்சியாக்கிவிட்டார். அதுவே அந்நாவலின் மிகச் சிறந்த பகுதி என்று நாம் கருதுகின்றோம். ஆர்.கே.வி. என்னும் எழுத்தாளர் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் கதையைக் கங்கா ஒரு வார இதழில் படிக்கின்றாள். தனக்கு நேர்ந்ததே அங்கே கதையாக அச்சாகியிருக்கின்றது. ஒன்று மட்டும் மாறியிருக்கின்றது. அக்கதையின் தாய் அலறலை அடக்கிக்கொண்டு தண்ணீர் கொட்டுகின்றாள். கங்காவின் தாயோ அன்று அலறலை அடக்கவில்லை, தெருவே கேட்டது.

கங்கா அவ்விதழைத் தன் தாயிடம் படிக்கக் கொடுக்கின்றாள். அத்தாய் கனகம் கொடியவள் அல்லள். மகளோடு சேர்ந்து அவளும் இத்தனை ஆண்டுகள் தண்டனை அனுபவித்தவளே. ஊர் கூடக் கத்தியதைத் தவிர அவள் செய்த குற்றம் வேறில்லை. அந்த நேரத்தில் எந்தத் தாய்தான் கத்தமாட்டாள் என்று அவளுக்காக நாமே வழக்காடலாம். அவள் அக்கதையைப் படிக்கின்றாள். தன் கையிலும் அன்று ஒரு குடமும் சில நிமிடங்களும் இருந்தன என்பதை ஒரு வாரப் பத்திரிகையின் பக்கத்திலிருந்து அவள் தெரிந்துகொள்கின்றாள். மகள் ஒன்றும் பேசாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, அவள் அழுகின்றாள்.